‘52 சிசி’ என்று எழுதிய பிரஷ் கட்டர்: குறை எங்கே, பணம் திரும்புமா?

கேள்வி இது. குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று இணையத்தில் 52 சிசி (சிலிண்டரின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில்), பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், அதாவது புதரும் களையும் அறுக்கும் ‘காடு வெட்டும் மெஷின்’ வாங்கியிருக்கிறார். வந்த நாள் முதல் ஏமாற்றம். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றுகிறது. கால் மணி நேரம் ஓடியதும் தானாக நிற்கிறது, ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. பிளேடுக்கு மேலே உள்ள கியர் பெட்டியில் கை வைக்க முடியவில்லை. ஸ்டார்டர் கயிறு அறுந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால் “உங்கள் ஊர் பெட்ரோல் சரியில்லை” என்கிறார். ‘இது மட்டமான பொருளா, அல்லது நான்தான் ஓட்டத் தெரியாமல் ஓட்டுகிறேனா?’ என்று கேட்கிறார்.

மார்த்தாண்டம் பக்கம் இத்தகைய சிறு இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் எனக்குப் பல வருடங்களாகத் தொழில். தம்பி சொன்ன நான்கு குறைகளில் இரண்டு, சரியாகப் பூட்டாததால் வந்தவை. ஒன்று பெட்ரோலாலும் இருக்கலாம், பொருளாலும் இருக்கலாம். கயிறு அறுந்தது சாதாரணம். ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று இருக்க வாய்ப்பிருக்கிறது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஸ்டிக்கரில் இருக்கும் அந்த ‘52’. முதலில் அதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பணம் திரும்பி வருமா என்பது பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

இணையத்தில் குறைந்த விலைக்கு வரும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பது சீன வடிவமைப்பு இன்ஜின். இரண்டு அளவுகள்தான் அதிகம் வரும். இன்ஜின் உடம்பில், ஸ்டார்டருக்குக் கீழேயோ சைலன்சருக்குப் பக்கத்திலோ, ஓர் எழுத்துக் கோவை பொறித்திருக்கும். ‘1இ40எஃப்-5’ அல்லது ‘1இ44எஃப்-5’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும். முதலில் உள்ள ஒன்று, ஒரே சிலிண்டர் என்பதைக் குறிக்கிறது. ‘இ’ என்றால் டூ ஸ்ட்ரோக். ‘எஃப்’ என்றால் காற்றால் குளிர்வது. நடுவில் இருக்கும் 40 அல்லது 44தான் சிலிண்டரின் உள் விட்டம், மில்லிமீட்டரில்.

இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லிமீட்டர். கணக்குப் போடுங்கள். 40 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 20. 20 × 20 × 3.14 × 34. வருவது ஏறத்தாழ 42,700 கன மில்லிமீட்டர், அதாவது 42.7 சிசி. 44 என்றால் 22 × 22 × 3.14 × 34, அதாவது 51.7 சிசி. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே ஸ்டார்டர், அதே டேங்க், அதே நிறம். வித்தியாசம் உள்ளே இருக்கும் 4 மில்லிமீட்டர். ஆகவே 43 சிசி இன்ஜினின் மேல் 52 என்று ஸ்டிக்கர் ஒட்டுவது மிக எளிது, அது நடக்கவும் செய்கிறது. ‘62 சிசி’ என்று எழுதி வருபவை இன்னும் வேடிக்கை. அதே 34 மில்லிமீட்டர் தூரத்தில் 62 வர வேண்டுமானால் சிலிண்டர் விட்டம் 48க்கு மேல் இருக்க வேண்டும். எழுதியவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

குதிரைத்திறனும் அப்படித்தான். 42.7 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 6500 சுற்றில் தருவது சுமார் 1.25 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 0.746 கிலோவாட் என்பதால், அது 1.7 குதிரைத்திறன் அளவில் நிற்கும். உங்கள் பெட்டியில் 3 என்றோ 3.5 என்றோ எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அது சாட்சி.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொறிப்பைத் தெளிவாகப் படம் எடுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும், விற்பனைப் பக்கத்தில் ‘52 சிசி’ என்று இருப்பதையும் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கம் நாளை மாறலாம். பொறிப்பே இல்லையென்றால், அல்லது உரசி அழித்திருந்தால், அதையும் படம் எடுங்கள். சிலிண்டரைக் கழற்றி உள்ளே அளக்க வேண்டாம். அளந்தால் ‘திறந்துவிட்டார்’ என்று ஒரே சொல்லில் உத்தரவாதத்தை முடித்துவிடுவார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 43 சிசி என்பது உங்கள் விளைக்குக் குறைவான சக்தி இல்லை. இரண்டு ஏக்கர் ரப்பரின் இடையில் வளரும் புல்லுக்கும் செடிக்கும் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கே போதும். 52 என்ற எண்ணின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் மோகத்தை விற்பவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எண் கூடக்கூட எடை கூடும், அதிர்வு கூடும், பெட்ரோல் கூடும். மதியம் ஆனால் தோள்தான் பதில் சொல்லும். ஆனாலும் எண்ணில் பொய் சொன்னவர் பேரிங்கிலும் பிஸ்டன் ரிங்கிலும் உண்மையாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் அதை முதலில் பார்க்கச் சொன்னேன்.

இனி நீங்கள் சொன்ன குறைகளுக்கு வருகிறேன்.

ஊர்க் கடையில் இதே மாதிரி இயந்திரம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் எதற்கு என்று பலருக்கும் தெரிவதில்லை. ஒரு நல்ல கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, கியர் பெட்டியில் கிரீஸ் நிரப்பி, ஒவ்வொரு நட்டையும் இறுக்கி, கேபிளைச் சரிசெய்து, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, ஐடிலை (ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜின் ஓடும் வேகத்தை) சரியாக வைத்துத்தான் கொடுப்பார். தபாலில் வந்த பெட்டிக்கு இது எதுவும் நடக்கவில்லை. தொழிற்சாலையில் கடைசியாகத் தொட்ட கைக்குப் பிறகு நீங்கள்தான் தொடுகிறீர்கள். ஆகவே உங்கள் இயந்திரத்தின் குறைகளில் ஒரு பகுதி, முடிக்காமல் விட்ட வேலை.

கியர் பெட்டி சூடாவது அந்த வகை. அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே கிரீஸ் ஒரு பொட்டுதான் இருக்கும். ஏபி3 கிரீஸ் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். அந்தத் துளை வழியாக, கையால் பிளேடைச் சுற்றிக்கொண்டே, முக்கால் பாகம் நிரம்பும்வரை செலுத்துங்கள். முழுதாக அடைக்க வேண்டாம், அடைத்தாலும் சூடேறும். பிறகு 20, 25 மணி நேர வேலைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். கிரீஸ் போட்ட பிறகும் தொட முடியாத சூடு இருந்தால், பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் மட்டம். அது பொருளின் குறை.

பிளேடு தானாகச் சுற்றுவது ஆபத்து. சரியாகும்வரை அதை விளைக்குள் கொண்டு போகாதீர்கள். இந்த இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 3000 சுற்றளவில் ஓட வேண்டும். கிளட்ச் பிடிப்பது அதற்கு மேலே, 4000 பக்கத்தில். ஐடில் சுற்று கூடினால் கிளட்ச் பாதி பிடித்துப் பிளேடைச் சுற்றும். முதலில் கேபிளைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் கேபிளில் ஒரு மில்லிமீட்டராவது தளர்வு இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்திருந்தால் கார்புரேட்டர் முழுதாக மூடாது. அடுத்து ஐடில் ஸ்க்ரூவை இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், சுற்று குறையும். இரண்டும் செய்த பிறகும் இன்ஜின் தானாக எகிறி எகிறி ஓடினால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள கறுப்புக் கட்டையின் போல்ட்டுகள் தளர்ந்து காற்றை இழுக்கிறது என்று பொருள். இறுக்கிப் பாருங்கள். இன்ஜின் அமைதியாக ஐடிலில் நிற்கும்போதும் பிளேடு சுற்றினால் மட்டுமே கிளட்ச் ஸ்பிரிங் பலவீனம் என்று சொல்லலாம்.

கயிறு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசிவரை இழுத்தால் எந்தக் கயிறும் அறும். லேசாக இழுத்து, தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சுருக்கென்று முக்கால் தூரம் இழுங்கள். கைப்பிடியை விட்டுவிடாமல் கையோடு கொண்டு போய் உள்ளே விடுங்கள். கயிறு மாற்றச் சில்லறைதான் ஆகும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கால் மணி நேரத்தில் நின்றுபோவதுதான் உண்மையான விசாரணை. இதை ஊகத்தில் விடக் கூடாது, ஏனென்றால் இங்கேதான் விற்றவரும் நீங்களும் மோதிக்கொள்ளப் போகிறீர்கள்.

அடுத்த தடவை நின்றதும், ஆறவிடாமல், உடனே டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, பிறகு ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே காற்று வராமல் வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வரத்து நின்றுவிடுகிறது. ஊசியால் குத்தினாலே தீர்ந்துவிடும் குறை இது. இதற்காக கார்புரேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் இல்லையென்றால், இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் சிந்தாத இடமாக இருக்கட்டும். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடம்பைச் சிலிண்டரின் உலோகத்தில், பிளக் துளைக்குத் தள்ளி வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பொறி இல்லை, ஆனால் ஆறிய பிறகு பொறி வருகிறது என்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் செத்துப் பிழைக்கிறது. காயிலுக்கும் மேக்னட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன். அது சரியாக இருந்தும் பொறி போனால் காயில் மட்டம். சந்தேகமே இல்லாமல் பொருளின் குறை. பொறி வராததை, நேரம் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

பொறி நன்றாக இருந்தால் பிளக்கின் முனையைப் பாருங்கள். ஈரமும் கறுப்பும் என்றால் எரிபொருள் அதிகம், அல்லது ஆயில் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் எரிபொருள் குறைவு, இன்ஜின் வறண்டு கொதிக்கிறது. காப்பிப் பொடி நிறம்தான் சரி.

இந்த இடத்தில்தான் பெட்ரோல் வருகிறது. விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை இந்தியாவில் அறிமுகம் செய்தார்கள். 2025இல் அதுவே நாடு முழுக்கப் பொதுவான பெட்ரோலாகிவிட்டது. உங்கள் பெட்ரோல் பங்க்கில் வருவது என்ன என்று தெரிய வேண்டுமா? அளவுக் கோடு உள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். எத்தனால் முழுதும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடிப் படலம் 10 மில்லியில் இருந்து ஏறத்தாழ 30க்கு வந்தால் அது இ20.

எத்தனாலுக்குள் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால், சுத்த பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டர் இதில் கொஞ்சம் வறண்டு ஓடும், சூடு கூடும். கையில் பிடித்து ஓட்டும் சிறிய இன்ஜின்களின் கையேடுகள் பெரும்பாலும் பத்து சதவீத எத்தனால்வரைதான் ஒப்புக்கொள்கின்றன. ரப்பர் குழாயும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் அதற்கேற்ற தரத்தில் இல்லையென்றால் சீக்கிரம் விறைத்துவிடும். அடுத்தது ஈரம். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காடு இரண்டு தடவை வளரும், நடுவில் மெஷின் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். டேங்கில் மீந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, ஓர் அளவுக்கு மேல் போனதும் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். நீங்கள் ஊற்றிய டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். டேங்கில் உறிஞ்சும் ஃபில்டர் அடியில் கிடக்கிறது. அது இழுப்பது ஆயில் இல்லாத திரவம். பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டி இன்ஜின் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

தீர்வு செலவில்லாதது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் ‘ஹெச்’ என்று குறித்த ஸ்க்ரூ (வேகமாக ஓடும்போது எரிபொருள் அளவை வைப்பது) இருந்தால், இ20க்காக அதை எட்டில் ஒரு சுற்று இடப்பக்கம் திறந்து பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் விற்றவரின் சாக்கு இத்தோடு முடிகிறது. நாட்டில் எங்கும் கிடைப்பது இ20 என்று தெரிந்தே இங்கே விற்கிறார். அதில் ஓடாது என்றால் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கையேட்டில் எத்தனால் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றால், அவருடைய மின்னஞ்சலுக்கு அதையே பதிலாக எழுதுங்கள்.

ஆயில் விஷயத்தில் உங்கள் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். கையேடு 25க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. மருந்து மூடி அளவெல்லாம் வேண்டாம், அளவுக் குப்பி வாங்குங்கள். ‘புது மெஷின்தானே, பத்திரத்துக்குக் கொஞ்சம் கூட ஊற்றுவோம்’ என்று நினைப்பவர்கள் நிறைய. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, இன்ஜின் இன்னும் வறண்டு ஓடுகிறது. சைலன்சர் வலையில் கரி படிந்து அடைப்பதும் அதனால்தான்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு தவறும் உண்டு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் படகு இன்ஜினுக்கு வாங்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலை, சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதே என்று வாங்கி வந்து ஊற்றுவார்கள். ‘டிசி-டபிள்யூ3’ என்று எழுதிய அந்த ஆயில், தண்ணீரால் குளிரும் படகு இன்ஜினுக்காகச் செய்தது. காற்றால் குளிரும் இந்த இன்ஜின் அதைவிட அதிகச் சூட்டில் ஓடுகிறது, அங்கே அது தாங்காது. ‘ஜாசோ எஃப்சி’ அல்லது ‘எஃப்டி’ என்ற தரக் குறி டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குங்கள். விற்றவர் முதலில் கேட்கும் கேள்வி இந்த ஆயிலைப் பற்றித்தான் இருக்கும். ஆயில் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் எஞ்சும் சில குறைகள் இரும்பின் குறைகள். அவற்றைப் பழுது பார்க்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். கயிற்றை இழுக்கும்போது தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருவது அதில் முதலாவது. பட்டறையில் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும், புது இன்ஜினில் தாராளமாகவே காட்டும். 80, 90 என்றால் ரிங்கோ சிலிண்டர் பூச்சோ மட்டம். சைலன்சர் போல்ட் அலுமினியத்தில் மரை கழன்று வந்துவிடுவதும் அந்த வகை. நீளக் குழாய்க்குள் ஓடும் தண்டு வளைந்திருந்தால் வேகம் கூட்டும்போது கைப்பிடி நடுங்கிக் கை மரத்துப்போகும். ஆனால் அதிர்வுக்குத் தண்டைக் குற்றம் சொல்லும் முன்பு பிளேடின் நடுத் துளையைப் பாருங்கள். இந்த வகை மெஷின்களுக்கு 25.4 மில்லிமீட்டர் துளையுள்ள பிளேடுதான் வழக்கம். தாங்கும் வட்டு 20 மில்லிமீட்டருக்கானது என்றால் பிளேடு நடுவில் உட்காராமல் ஆடும். பெட்டியில் பொருந்தாத இரண்டையும் போட்டு அனுப்புவதும் நடக்கிறது.

கிளட்ச் டிரம் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் மட்டும் சட்டென்று விற்றவரைத் திட்டாதீர்கள். பாதி ஆக்சிலரேட்டரில் அழுத்தி வெட்டினால் கிளட்ச் வழுக்கிக் கருகும். வெட்டும்போது நல்ல வேகம், வெட்டாதபோது முழு ஐடில். நடுநிலை கிடையாது.

கார்புரேட்டர் எந்த வகை என்பதையும் பாருங்கள். அடியில் சிறிய கிண்ணம் மாதிரி இருந்தால் மிதவை வகை, தட்டையாகச் சதுரமாக இருந்தால் டயாஃப்ரம் வகை. அருமனை, கடையால், பேச்சிப்பாறைப் பக்கமெல்லாம் விளை தட்டுத் தட்டாகச் சரிவில் இருக்கிறது. மெஷினைச் சாய்த்துப் பிடிக்காமல் அங்கே வெட்ட முடியாது. மிதவை வகை சாய்ந்தால் ஒழுகும் அல்லது எரிபொருள் கிடைக்காமல் திக்கும். சமதளத் தென்னை விளைக்கு அது போதும், சரிவுக்கு ஆகாது. சாய்க்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் காரணம் இதுதான்.

பிளேடு பற்றியும் ஒரு சொல். கம்யூனிஸ்ட் பச்சை மாதிரித் தண்டு முற்றிய செடிக்கு மூன்று பல் பிளேடு. பியூரேரியா மூடு பயிரும் மற்றக் கொடிகளும் பிளேடின் அச்சில் சுற்றிக்கொண்டால் இன்ஜின் திணறி நிற்கும். அதைப் ‘பவர் இல்லை’ என்று எண்ணிக் குறை சொல்பவர்கள் உண்டு. கொடியை மேலிருந்து கீழாக இரண்டு தடவையில் வெட்ட வேண்டும், இடையிடையே நிறுத்திச் சுற்றியதை அறுத்து எடுக்க வேண்டும். கற்கள் புதைந்த செம்மண்ணில் கார்பைடு முனை வைத்த நாற்பது பல் பிளேடு வேண்டாம். முனை தெறித்தால் குண்டு மாதிரிப் பறக்கும். 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று கையேடு சொல்வது இதற்காகத்தான். பால் வெட்டும் மரங்களுக்கு அருகில் வெட்டும் முன் பால் பிடிக்கும் சிரட்டைகளை எடுத்துவிடுங்கள். இளம் ரப்பர் கன்றைச் சுற்றி ஓரடிக்கு வெட்டுக்கத்தியும் கையும்தான் சரி. நைலான் கயிறுகூடக் கன்றின் பட்டையை வளையமாக உரித்துவிடும், கன்று பட்டுப்போகும்.

சரி, பணம்.

‘குவாலிட்டி மோசம், ஏமாற்றம்’ என்று எழுதினால் மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் வரும், அதோடு சரி. அளவு சொல்லி எழுதுங்கள். ‘விளம்பரத்தில் 52 சிசி. இன்ஜினில் உள்ள பொறிப்பின்படி சிலிண்டர் விட்டம் 40 மில்லிமீட்டர், அதாவது 42.7 சிசி. படம் இணைத்துள்ளேன்.’ ‘சூடானதும் பொறி வருவதில்லை, காயில் இடைவெளி 0.3 மில்லிமீட்டர், வீடியோ இணைத்துள்ளேன்.’ இப்படி எழுதியவரிடம் பெட்ரோல் கதை பேச முடியாது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இணைய நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது’ என்று திரையில் வந்தாலும் புகார் உரிமை முடிவதில்லை.

நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் கவலை இல்லை. 5 லட்சம் ரூபாய்வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இணையவழியிலும் போடலாம். சொந்த விளைக்கும் சொந்தப் பிழைப்புக்கும் வாங்கியவர் நுகர்வோர்தான். ஆள் வைத்து வாடகைக்கு வெட்டும் தொழிலுக்கு என்றால் எதிர்த் தரப்பு ‘வணிக நோக்கம்’ என்று வாதாடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திருப்பி அனுப்பும் நாள் வந்தால் டேங்கை வடித்து, உலர்த்தி, பெட்ரோல் வாசமே இல்லாமல் கட்டுங்கள். எரிபொருள் உள்ள பெட்டியைக் கூரியர்காரர் எடுக்க மாட்டார். அந்தக் காரணத்தாலேயே ‘வாடிக்கையாளர் ஒப்படைக்கவில்லை’ என்று பதிவாகிவிடும்.

பணம் வந்த பிறகு என்ன வாங்குவது? மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பழுது பார்க்கும் பட்டறையோடு இருக்கும் கடைக்குப் போய், ‘இதன் காயில், ஸ்டார்டர், டயாஃப்ரம் இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிறதா, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டினால் வாங்குங்கள். காட்ட முடியாதவர் என்ன பிராண்டு சொன்னாலும் வேண்டாம். என் விருப்பம் 35 சிசி அளவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக். ஆயிலைப் பெட்ரோலில் கலக்கும் தொல்லை இல்லை. ஆயில் தனியாக 100 மில்லி அளவில் இருக்கும், அதை மாதா மாதம் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

அரசு மானியத்தையும் கேட்டுப் பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இதைப் ‘புதர் அகற்றும் கருவி’ என்ற பெயரில் கொடுக்கிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு விலையில் ஐம்பது சதவீதம்வரையும் மற்றவர்களுக்கு நாற்பதுவரையும் மானியம், ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு, எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் பதியலாம். மானியம் எடுக்காவிட்டாலும் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. மத்தியப் பிரதேசத்தின் புத்னி போன்ற இடங்களில் இருக்கும் அரசுச் சோதனை நிலையங்களில் அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் சோதித்த மாடல்களுக்குத்தான் மானியம் கிடைக்கும். அங்கே சிசியை ஸ்டிக்கரில் படிப்பதில்லை.

திருப்பிக் கொடுக்க மனமில்லை, காயிலும் கம்ப்ரஷனும் நன்றாக இருக்கிறது என்றால், கிரீஸ் போட்டு, கேபிளைச் சரிசெய்து, ஆயிலையும் பெட்ரோலையும் ஒழுங்காக்கி, விலையில் ஒரு பகுதியை மட்டும் சிசி வித்தியாசத்துக்காகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை வெட்டும் இரண்டு ஏக்கருக்கு அது சில வருடம் உழைக்கும். தினக்கூலிக்கு வெட்டுபவருக்கு அந்த ஆலோசனையைச் சொல்ல மாட்டேன்.

பிளேடைக் கழற்றும்போது ஒன்று, தம்பி. அந்த நட்டு இடமரை. வழக்கமாகக் கழற்றுவதற்கு நேரெதிராக, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கழலவில்லையே என்று பலம் கொடுத்து மரையை உரித்துவிட்டால், விற்றவர் கையில் அது ஒன்றே போதும்.